அணுவுக்கு ஏற்றம் எங்கிருந்து வருகிறது?

‘அயன்’ என்ற சொல் இப்போது பல இடங்களில் அடிபடுகிறது. உரக் கடையில் கேட்கிறது. தண்ணீர் வடிகட்டி விளம்பரத்தில் வருகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக வந்து கைக்காப்பு விற்பவர்களும் சொல்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதன் வரைவிலக்கணத்தை மனப்பாடமே செய்து வைத்திருக்கிறார்கள். மின்னேற்றம் பெற்ற அணுதான் அயன் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஓர் அணுவுக்கு அந்த ஏற்றம் வருகிறது என்றால் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். “அதுக்குள்ள கரண்ட் போயிருக்கு” என்பதுதான் வழக்கமான பதில். போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி, வெளியே இருந்து மின்சாரம் என்று ஒன்று வந்து அணுவுக்குள் நிரம்புகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது இரண்டு விதத்தில் பிழை. போனையே எடுத்துக்கொள்வோம். சார்ஜ் போடும்போது அதன் பெற்றரிக்கு மொத்தமாக ஏற்றம் எதுவும் கூடுவதில்லை. ஒரு முனையால் எத்தனை இலத்திரன்கள் உள்ளே போகின்றனவோ அத்தனையும் மறுமுனையால் வெளியே வந்துவிடும்; உள்ளே சேர்வது சக்தி மட்டும்தான். அணுவின் கதை இன்னும் எளிமையானது. அதற்குள் புதிதாக எதையும் நிரப்பத் தேவையில்லை. ஏற்றம் அங்கே எப்போதும் இருக்கிறது, இரண்டு வகையாக, சரிசமமாக. அந்தச் சமநிலை கொஞ்சம் பிசகினால்தான் அது நமக்குத் தெரியவருகிறது.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் உப்பு, தேசிக்காய் பிழிந்த தேத்தண்ணி, ஐப்பசி மாத இடி மின்னல், தேயிலை மலைக்குப் போடும் உரம் எல்லாமே ஒரே கணக்கில் வந்து நிற்கும்.

தட்டுத் தராசு

அணு என்பது ஒரு மூலகத்தின் மிகச் சிறிய துணிக்கை. அதன் நடுவில் கரு இருக்கிறது. கருவுக்குள் இருக்கும் புரோத்தன்களுக்கு நேரேற்றம் உண்டு. கூடவே இருக்கும் நியூத்திரன்களுக்கு ஏற்றமே இல்லை, அதனால் இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு வேலை இல்லை. கருவைச் சுற்றி வெளியே இருப்பவை இலத்திரன்கள், அவற்றுக்கு மறையேற்றம். ஒரு புரோத்தனின் ஏற்றமும் ஓர் இலத்திரனின் ஏற்றமும் அளவில் அச்சொட்டாகச் சமம், குறிதான் எதிர்.

பழைய கடைகளில் இருந்த தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இடது தட்டில் படிக்கற்கள், வலது தட்டில் பருப்பு. ஒரே ஒரு வித்தியாசம்: இந்தத் தராசில் படிக்கற்களை எடுக்க முடியாது, தட்டோடு சேர்த்து ஒட்டியிருக்கின்றன. அவைதான் புரோத்தன்கள். பருப்பு மணிகள் இலத்திரன்கள், அள்ளலாம், போடலாம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். அணுவுக்கு ஏற்றம் இல்லை என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். தட்டுகள் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு தட்டிலும் சாமான் நிறைய இருக்கிறது, சமமாக இருக்கிறது, அவ்வளவே.

வலது தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்துவிடுங்கள். தராசு இடது பக்கம் சாயும். படிக்கல் கூடவில்லை, ஆனாலும் படிக்கல் பக்கம் சாய்கிறது. ஓர் இலத்திரனை இழந்த அணு நேரேற்றம் பெறுவது இப்படித்தான். ‘இழந்தால் ஏன் பிளஸ், கழித்தல்தானே வரவேண்டும்?’ என்று பிள்ளைகள் குழம்புவது இந்த இடத்தில்தான். குழம்புவது நியாயம். இழந்தது மறையேற்றம் உள்ள ஒன்று என்பதால் மிஞ்சுவது நேரேற்றம். அதேபோல ஒரு மணியைக் கூடப் போட்டால் வலது பக்கம் சாயும். அணு மறையேற்றம் பெறும்.

தராசு உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். அது நிறையைக் காட்டுகிறது. நாம் பேசுவது ஏற்றத்தை. நிறையில் இலத்திரன் மிக அற்பம், ஒரு புரோத்தனின் நிறைக்கு ஏறத்தாழ 1,836 இலத்திரன்கள் வேண்டும். ஏற்றத்தில் மட்டும் இரண்டும் சரிக்குச் சரி.

இப்படிச் சமநிலை குலைந்த அணுவுக்கு, அல்லது அணுக்கள் சேர்ந்த கூட்டத்துக்கு, அயன் என்று பெயர். நேரேற்றம் இருந்தால் நேர் அயன், மறையேற்றம் இருந்தால் மறை அயன். ஏற்றத்தின் அளவு என்பது புரோத்தன்களின் எண்ணிக்கையிலிருந்து இலத்திரன்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது. இதற்கு மேல் அதில் மர்மம் இல்லை.

புரோத்தன் ஏன் அசைவதில்லை

படிக்கற்கள் ஒட்டியிருக்கின்றன என்று சும்மா சொல்லவில்லை. சோடியம் அணுவின் வெளி ஓரத்தில் இருக்கும் ஓர் இலத்திரனைப் பிடுங்கத் தேவைப்படும் சக்தியைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் கொடுத்தால்தான் அதன் கருவிலிருந்து ஒரு புரோத்தனைப் பிடுங்கலாம். அடுப்பு, அமிலம், உரசல், ஏன் மின்னல்கூட, சாதாரணமாக அந்த வேலைக்குக் கிட்டவும் வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓர் அணு எந்த மூலகம் என்பதைத் தீர்மானிப்பதே புரோத்தன்களின் எண்ணிக்கைதான். 11 இருந்தால் சோடியம், 10 இருந்தால் நியோன். புரோத்தன் போனால் அணு வேறு பொருளாகவே மாறிவிடும். இலத்திரன் போனால் அப்படி மாறாது. சோடியம் அயனில் 10 இலத்திரன்கள்தான் இருக்கின்றன, நியோனில் இருப்பதும் 10தான். அதற்காகச் சோடியம் அயன் நியோன் ஆகிவிட்டது என்று எழுதக் கூடாது. விடைத்தாள்களில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. கருவில் 11 புரோத்தன்கள் அப்படியே இருக்கின்றன, அது சோடியம்தான்.

இதை மனிதர்கள் கண்டுபிடித்துப் பெரிய காலம் ஆகவில்லை. இலத்திரன் என்று ஒன்று இருப்பதை ஜே. ஜே. தொம்சன் காட்டியது 1897இல். அணுவின் நடுவில் கரு இருக்கிறது என்று ரதர்போர்ட் சொன்னது 1911இல். இங்கே நம் மலையகத்தில் தேயிலை வேர்விட்டு, துரைமார் பங்களா கட்டி, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதே உலகத்துக்குத் தெரியவந்தது.

சோடியத்துக்கு ‘விருப்பம்’ எதுவும் இல்லை

உப்பு எப்படி உருவாகிறது என்று கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள்: சோடியத்தின் வெளி ஓட்டில் ஓர் இலத்திரன் இருக்கிறது, அதைக் கொடுக்க அது விரும்புகிறது, குளோரினுக்கு ஓர் இலத்திரன் குறைகிறது, அதை வாங்க அது விரும்புகிறது, கொடுத்தார், வாங்கினார், இருவரும் சந்தோஷம்.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் உண்மை இதைவிடச் சுவையானது. சோடியம் தன் இலத்திரனைத் தானாக விடுவதே இல்லை. கருவின் நேரேற்றம் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிடுங்க வேண்டும் என்றால் சக்தி செலவாகும். இந்தச் சக்திக்கு அயனாக்கற் சக்தி என்று பெயர். தனித்தனி அணுக்களாக ஆவி நிலையில் இருக்கும் 23 கிராம் சோடியத்தில், அணுவுக்கு ஒன்றாக இலத்திரன்களைப் பிடுங்க 496 கிலோயூல் வேண்டும் (கிலோயூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). அந்த இலத்திரன்களைத் தனித்தனிக் குளோரின் அணுக்களுக்குக் கொடுத்தால் 349 கிலோயூல் திரும்பக் கிடைக்கும். கணக்குப் பாருங்கள்: 147 கிலோயூல் நட்டம். கொடுக்கல் வாங்கல் மட்டும்தான் கதை என்றால் உப்பு என்ற ஒன்றே உலகத்தில் இருந்திருக்காது.

நட்டத்தை ஈடு செய்வது அடுத்த படி. நேரேற்றமும் மறையேற்றமும் ஒன்றையொன்று இழுக்கும். இலத்திரன் பெற்ற குளோரின் அணுவுக்குக் குளோரைட்டு அயன் என்று பெயர். ஒரு சோடியம் அயனைச் சுற்றி ஆறு குளோரைட்டு அயன்கள், ஒரு குளோரைட்டு அயனைச் சுற்றி ஆறு சோடியம் அயன்கள் என்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோயூல் வெளியே வருகிறது. நட்டம் போய் மிச்சமும் நிறைய. உப்புப் பளிங்கு உறுதியாக இருப்பதற்குக் காரணம் இந்த இழுவைதான்; யாருடைய விருப்பமும் இல்லை. ‘எட்டு இலத்திரன் சேர்ந்தால் நிம்மதி’ என்று பாடத்தில் வருவது நினைவில் வைக்க உதவும் ஒரு விதி, காரணம் அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார் அக்காமார் இந்த ஒன்றை மட்டும் ஒருமுறை சேர்த்துச் சொன்னால் பிறகு வரும் இரசாயனம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு எளிதாகிவிடும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். அணுவில் நேரேற்றமும் மறையேற்றமும் சமமாக இருக்கின்றன. அசைவது இலத்திரன். ஒன்று இழந்தால் இன்னொன்று பெற்றே ஆக வேண்டும். உலகத்தின் மொத்தக் கணக்கில் ஏற்றம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இலத்திரனைப் பிடுங்க எப்போதும் சக்தி வேண்டும்.

ஒரு தேக்கரண்டி உப்பு

ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். ஏற்றத்தை அளக்கும் அலகு கூலோம். அந்தக் கரண்டியில் இருக்கும் சோடியம் அயன்களின் நேரேற்றத்தை எல்லாம் கூட்டினால் பத்தாயிரம் கூலோமுக்குக் கிட்ட வரும். ஒரு சாதாரண மின்னல் வானத்திலிருந்து தரைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பத்து இருபது கூலோம். அப்படியென்றால் நூற்றுக்கணக்கான மின்னல்களின் ஏற்றம் உங்கள் கறிச்சட்டிக்குள் போகிறது. ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அதே அளவு மறையேற்றம் குளோரைட்டு அயன்களில் பக்கத்திலேயே இருக்கிறது. ‘அயன் இருக்கிறது’ என்பது வேறு, ‘ஏற்றம் மிஞ்சி இருக்கிறது’ என்பது வேறு. உப்பில் அயன்கள் கோடி கோடி. மிஞ்சிய ஏற்றம் பூச்சியம்.

உப்பைத் தண்ணீரில் போட்டால் அயன்கள் புதிதாக உண்டாகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவை ஏற்கெனவே பளிங்குக்குள் இருந்தவை. தண்ணீர் அவற்றைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறையாகவும் ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேராகவும் இருக்கும். அதனால் அது சோடியம் அயனை ஒரு பக்கத்தாலும் குளோரைட்டு அயனை மறு பக்கத்தாலும் சூழ்ந்துகொண்டு அடுக்கைக் குலைக்கிறது. இப்படிக் கரைசலில் அயன்கள் தனித்தனியே திரிகின்றன என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அரீனியஸ் 1884இல் தன் ஆய்வேட்டில் எழுதியபோது அவருக்கு மிகக் குறைந்த தரமே கொடுத்தார்கள். 1903இல் அதே கருத்துக்காக நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் பெற்றரி, ஒரு சிவப்பு எல்.ஈ.டி., 470 ஓம் தடையி, கூராக்கிய இரண்டு பென்சில் கரிமுனைகள். எல்லாவற்றையும் வரிசையாக இணைத்து, இரண்டு கரிமுனைகளும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீருக்குள் நிற்க வையுங்கள். பீலித் தண்ணீரில் எல்.ஈ.டி. மங்கலாக எரியும், அல்லது எரியாமலே இருக்கும். ஒரு கரண்டி சீனியைக் கரைத்தால் மாற்றம் வராது. சீனி மூலக்கூறு மூலக்கூறாகவே கரைகிறது, அதில் அயன் இல்லை. உப்பைப் போட்டவுடன் பளிச்சென்று எரியும். சில வினாடிகள் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள், ஜன்னலும் திறந்திருக்கட்டும், ஏனென்றால் கரிமுனையில் கொஞ்சம் குளோரின் வாயு வரும். சுவர் பிளக்கிலிருந்து வரும் கரண்டை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

மூலக்கூறின் வழி வேறு

அணுக்கள் ஒன்றோடொன்று இலத்திரன்களைப் பகிர்ந்து பிணைந்திருப்பது மூலக்கூறு. மூலக்கூறும் இலத்திரனை இழந்தோ பெற்றோ அயனாகலாம். ஆனால் நம் சமையலறையிலும் மண்ணிலும் உடம்பிலும் பெரும்பாலும் நடப்பது வேறொன்று: மூலக்கூறுகள் புரோத்தனைக் கைமாற்றிக்கொள்கின்றன.

புரோத்தன் அசையாது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு ஐதரசன். ஐதரசன் அணுவின் கரு என்பதே, நம்மைச் சுற்றியுள்ள ஐதரசனில் கிட்டத்தட்ட முழுவதிலும், தனி ஒரு புரோத்தன்தான். ஒரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் ஐதரசன், தன் இலத்திரனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினால், போவது வெறும் புரோத்தன். எந்தக் கருவும் உடையவில்லை. ஒரு முழுக் கருவே இடம் மாறுகிறது. அதற்கு ஐதரசன் அயன் என்று பெயர். அது தனியே திரிவதில்லை, போன வேகத்தில் இன்னொரு மூலக்கூறில் தொற்றிக்கொள்ளும்.

அமோனியாவில் பாருங்கள். நைதரசனுக்கு 7 புரோத்தன், மூன்று ஐதரசனுக்கு 3, மொத்தம் 10. இலத்திரனும் 10. ஏற்றம் இல்லை. அதில் ஓர் ஐதரசன் அயன் வந்து ஒட்டினால் புரோத்தன் 11 ஆகிறது, இலத்திரன் அதே 10. ஒரு நேரேற்றம் மிச்சம். இதுதான் அமோனியம் அயன். மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்றம்.

மறுபக்கம், ஐதரசன் அயனை விட்டுக்கொடுக்கும் மூலக்கூறு மறை அயனாகிறது, ஏனென்றால் அதன் இலத்திரன் இங்கேயே தங்கிவிட்டது. அப்படி விட்டுக்கொடுப்பவற்றைத்தான் அமிலம் என்கிறோம். தண்ணீரே தனக்குள் இதைச் செய்கிறது, ஆனால் மிக அரிதாக: 25 பாகை வெப்பநிலையில் தூய தண்ணீரில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் எந்த ஒரு நேரத்திலும் பிரிந்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க நமக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். நல்ல சாயமாக ஒரு தேத்தண்ணி ஊற்றுங்கள், பால் வேண்டாம், சீனியும் வேண்டாம். இரண்டு கண்ணாடிக் கிளாஸில் பிரித்து வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். ஒன்றில் தேசிக்காய்ச் சாறு நாலைந்து சொட்டு விடுங்கள். கடும் செம்மண்ணிறம் கண்ணெதிரே வெளிறி இளமஞ்சளாகப் போகும். மற்றதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுக் கலக்குங்கள். அது கறுத்துக்கொண்டு போகும். தண்ணீர் கூடவில்லை, தேயிலை கூடவில்லை. தேத்தண்ணியின் நிறத்துக்குப் பெரும் காரணமான தியாருபிஜின்கள் என்ற மூலக்கூறுகள் மெல்லிய அமிலங்கள். அவற்றில் ஒரு பகுதி ஐதரசன் அயனை இழந்து மறை அயனாக இருக்கும். அந்த அயன் வடிவம்தான் கடும் நிறம். தேசிக்காயின் சித்திரிக் அமிலம் ஐதரசன் அயன்களைக் கொடுக்கிறது, அவை அந்த மூலக்கூறுகளில் போய் ஒட்டி ஏற்றத்தை இல்லாமல் ஆக்குகின்றன, நிறம் வெளிறுகிறது. அப்பச்சோடா எதிர்த் திசையில் இழுக்கிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஏற்றம் பெறுவதையும் இழப்பதையும் நீங்கள் நிறமாகப் பார்க்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை அயனைக் காட்ட இதைவிட மலிவான, அழகான வழி வேறு இல்லை.

ஆக, மூலக்கூறு ஏற்றம் பெறப் பெரிய வழி ஐதரசன் அயன் வருவதும் போவதும். வந்தால் நேர்ப் பக்கம் ஒன்று கூடும், போனால் ஒன்று குறையும். தராசில் சொல்வதானால், ஒட்டாத ஒரே படிக்கல் இதுதான்.

அடித்துப் பறிப்பது

இன்னொரு வழி முரட்டுத்தனமானது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும் அல்லவா? அந்த மேகத்துக்குள் பனிப்பளிங்குகளும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மோதி ஏற்றம் மேலும் கீழுமாகப் பிரிகிறது. இழுவை அளவு மீறும்போது காற்றில் இருக்கும் நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் பறிக்கப்படுகின்றன. பறந்த இலத்திரன் அடுத்த மூலக்கூறில் மோதி அங்கே இன்னொன்றைப் பறிக்கிறது. சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாத காற்று, அயன்களும் இலத்திரன்களும் நிறைந்த ஒரு கோட்டில் மட்டும் கடத்தத் தொடங்கிவிடும். அந்தக் கோடுதான் மின்னல். கண நேரத்துக்கு அங்கே வெப்பம் 30,000 பாகை வரை போகும். மின்னல் முடிந்ததும் இலத்திரன்கள் திரும்பச் சேர்ந்து, காற்று மறுபடி பழைய காற்றாகிவிடும்.

கதிர்வீச்சும் இதே வேலையைச் செய்யும். எக்ஸ்-கதிர், கதிர்த்தொழிற்பாடுள்ள கனியங்களிலிருந்து வரும் கதிர்கள் எல்லாம் மூலக்கூறிலிருந்து இலத்திரனை அடித்து வெளியேற்றப் போதுமான சக்தி கொண்டவை. போன் சிக்னலிலும் வானொலி அலையிலும் அந்தச் சக்தி இல்லை. எவ்வளவு பலமான சிக்னலாக இருந்தாலும் அதனால் இலத்திரனைப் பறிக்க முடியாது.

இந்த இடத்தில் அந்தக் காப்பு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கையில் கட்டினால் மறை அயன் வந்துகொண்டே இருக்கும், மூட்டுவலி போகும் என்கிறார்கள். தோட்டத்தில் நாள் முழுவதும் நின்று உழைத்த கை, கால் வலிக்குக் கொடுக்கும் காசு அது. அதனால்தான் கோபம் வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இலத்திரனைப் பறிக்கச் சக்தி வேண்டுமே, பெற்றரி இல்லாத, வயர் இல்லாத காப்புக்கு அது எங்கிருந்து வருகிறது? பலவற்றில் ஒன்றும் இல்லை, வெறும் இறப்பர். நிஜமாகவே அயன் உண்டாக்கும் சிலவற்றில் இருப்பது கதிர்த்தொழிற்பாடுள்ள கனியத் தூள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இப்படிப் பதக்கம், காப்பு முதலியனவாக விற்கப்பட்ட பத்துப் பொருட்களில் கதிர்வீச்சு இருப்பதைக் கண்டு, அணிய வேண்டாம் என்று அறிவித்தது. ஒன்றும் செய்யாத காப்புதான் நல்ல காப்பு.

உரசினால்

குளிர் காலத்தில் சுவெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதும் இலத்திரன் இடம் மாறுவதால்தான். ஆனால் அது உப்புக் கதை இல்லை. உரசலில் ஒரு பொருளின் மேற்பரப்பிலிருந்து மற்றதுக்கு மிகச் சிறு பங்கு இலத்திரன்கள் போகின்றன; பக்கத்தில் ஈடுசெய்யும் எதிர் ஏற்றம் இல்லாததால்தான் அந்தச் சிறு பங்கே முடியை எழுப்புகிறது.

தேயிலை ஸ்டோரில் சலிக்கும் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. காய்ந்த தூள் தட்டில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து போகும். அதற்கு ஓரங்குலம் மேலே பி.வி.சி. உருளைகள் கம்பளிப் பட்டையில் உரசிக்கொண்டே சுழலும். தூளுக்குள் இருந்து செந்நிற நாரும் காம்பும் மட்டும் துள்ளி எழும்பி உருளையில் ஒட்டிக்கொள்ளும், மறுபக்கம் தொட்டியில் விழும். கறுப்புத் தூள் பெரும்பாலும் கீழேயே போய்விடும். உரசியதால் உருளைக்கு மறையேற்றம் வந்திருக்கிறது. நாருக்கோ ஏற்றமே இல்லை. அப்படியானால் ஏன் ஒட்டுகிறது? உருளையின் மறையேற்றம் நாரில் உள்ள இலத்திரன்களைக் கொஞ்சம் அப்பால் தள்ளுகிறது. உருளையைப் பார்த்த பக்கம் நேராகிவிடுகிறது. கிட்ட இருக்கும் நேர்ப் பக்கத்தின் இழுவை தூரப் பக்கத்தின் தள்ளலைவிடப் பலமானது. இலேசான நார் எழும்பிவிடுகிறது. ஏற்றம் பெறாமலே ஒரு பொருள் இழுபடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் மண்ணில்

உரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. தேயிலைக்குப் போடும் யூரியா ஏற்றமில்லாத மூலக்கூறு. மண்ணில் விழுந்த பிறகு அங்குள்ள நொதியம் அதை உடைத்து அமோனியாவாக்கும். அமோனியா ஐதரசன் அயனைப் பெற்று அமோனியம் அயனாகும். யூரியாவாக இருக்கும்வரை பெரிய மழை வந்தால் அப்படியே கழுவிக்கொண்டு போய்விடும். அமோனியம் ஆகிவிட்டால் அவ்வளவு சுலபமாகப் போகாது, ஏனென்றால் களிமண் துகள்களின் பரப்பிலும், உக்கிய இலைதழையான மக்கின் பரப்பிலும் மறையேற்றம் இருக்கிறது. மக்கில் அது எப்படி வந்தது என்பது மேலே பார்த்ததுதான்: மக்கில் உள்ள அமிலப் பகுதிகள் ஐதரசன் அயனை விட்டுக்கொடுத்திருக்கின்றன. நேரேற்றமுள்ள அமோனியம் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், தேயிலை வேர் ஓர் ஐதரசன் அயனைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் மண்ணில் உள்ள பற்றீரியா அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று மறை அயன். மறையேற்றமுள்ள களிமண் அதைப் பிடித்து வைக்காது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை கொட்டும்போது அது சரிவில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். உரம் ஒன்றுதான், நைதரசனும் ஒன்றுதான். ஏற்றத்தின் குறி மாறியதால் ஒன்று மலையில் நிற்கிறது, மற்றது ஆற்றில் போகிறது. பெருமழைக்கு முன்னால் உரம் போடாதே என்று பழைய கங்காணிமார் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. மக்கு நிறைந்த மேல்மண்ணை அரித்துப் போகவிட்டால் அமோனியத்தைப் பிடித்து வைக்கும் இடமே போய்விடும்.

அமோனியம் நைத்திரேற்றாக மாறும்போது இன்னொன்றும் நடக்கிறது: ஒவ்வோர் அமோனியம் அயனுக்கும் இரண்டு ஐதரசன் அயன்கள் மண்ணில் சேர்கின்றன. ஆண்டாண்டாக உரம் போட்ட மலை புளித்துக்கொண்டே போவது இதனால்தான். புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது ஒன்று குறைந்தால் ஐதரசன் அயன் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை நல்லது. அதற்குக் கீழே போனால் மாத்தளை, திகன பக்கம் தோண்டியெடுக்கும் டொலமைட்டுக் கல்லின் தூளைப் போடுகிறார்கள், பெரும்பாலும் கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதை, ஒட்டி. டொலமைட்டில் இருக்கும் காபனேற்று மறை அயன். அது ஐதரசன் அயன் இரண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறி, ஏற்றமில்லாமல் போய்விடும். கூடவே வந்த கல்சியம், மகனீசியம் நேர் அயன்கள் களிமண்ணில் ஐதரசன் விட்டுப்போன இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

கூடப் போட்டாலும் தேயிலைக்கு ஆகாது, அதற்குப் புளித்த மண்தான் வேண்டும். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கும் துண்டுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு 6க்கு மேல் இருந்தால்தான் நல்லது. ஆகவே இரண்டு மண்ணையும் தனித்தனியே எடுத்து, தனித்தனியே பரிசோதித்த பிறகுதான் டொலமைட்டை அளந்து போட வேண்டும்.